மெரினாவில் நிற்காத கால்களும் நின்றுபோன எடையும்

அதிகாலை 5 மணி மெரினாவுக்கும் மாலை 5 மணி மெரினாவுக்கும் சம்பந்தமே கிடையாது. மாலையில் மிளகாய் பஜ்ஜி, பலூன் சுடுதல், குதிரை சவாரி, தேங்காய் மாங்காய் பட்டாணி சுண்டல். அதிகாலையில் அந்தத் தள்ளுவண்டிகளெல்லாம் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு மணலில் தூங்கும். இருட்டில் கடல் வெறும் சத்தமாகத்தான் இருக்கும். காமராஜர் சாலையை ஒட்டிய நடைபாதையில் மட்டும் ஒரு பெருங்கூட்டம் கையை வீசிக்கொண்டு போகும், வரும்.

உழைப்பாளர் சிலையில் கிளம்பி கலங்கரை விளக்கம் வரை போனால் சுமார் 3 கிலோமீட்டர். திரும்பி வந்தால் 6. சென்னையில் சிக்னல் இல்லாமல், குறுக்கே பைக் வராமல், காசு கேட்காமல் இவ்வளவு தூரம் நடக்க வேறு இடம் அதிகம் இல்லை. 1880-களில் கவர்னர் கிராண்ட் டஃப் இங்கே உலாவும் பாதை அமைத்து, இத்தாலியை நினைத்து 'மெரினா' என்று பெயர் வைத்தபோது, இது காற்று வாங்க வரும் இடம். இப்போது இங்கே வருகிறவர்களில் பெரும்பாலோர் எதையாவது குறைக்க வருகிறவர்கள். சுகர், பிரஷர், தொப்பை, எடை.

ஜனவரி முதல் வாரத்தில் இந்தப் பாதையில் புது ஷூக்கள் பளபளக்கும். பங்குனி முடியும்போது அவற்றில் பலவற்றைக் காணவில்லை. காந்தி சிலை பக்கம் அருகம்புல் ஜூஸ் விற்கிறவரைக் கேட்டால், "தை மாசம் வந்தவங்க சித்திரைக்கு இருக்க மாட்டாங்கண்ணே" என்கிறார். வெயில் ஒரு காரணம். ஆனால் வெயிலுக்கு முன்பே பலரை வீட்டுக்கு அனுப்பிவிடுவது, நடைபாதையில் துண்டு விரித்து ஒரு பெரியவர் வைத்திருக்கும் எடை மெஷின். முதல் மாதம் 3 கிலோ குறைத்துக் காட்டிய அதே மெஷின், மூன்றாவது மாதம் வாரா வாரம் ஒரே எண்ணைக் காட்டும். டாக்டர்கள் 'வெயிட் லாஸ் பிளாட்டோ' என்கிறார்கள். எடைத் தேக்கம் என்று சொல்லலாம். நடப்பவர்கள் சொல்வது இன்னும் எளிமை: "அவ்ளோதான் சார், நின்னுடுச்சு."

தினமும் வருகிறவர்களில் திருவல்லிக்கேணியைச் சேர்ந்த ஓர் ஆசிரியையும் உண்டு. வயது 46, உயரம் 158 சென்டிமீட்டர். சென்ற டிசம்பரில் எடுத்த ரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் நின்றது. அவருடைய அம்மாவுக்குச் சர்க்கரை நோயால் ஒரு கால் விரலை எடுக்க வேண்டி வந்தது. அதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர் என்பதால் டாக்டர் அதிகம் பேச வேண்டியிருக்கவில்லை. பொங்கல் முடிந்த மறுநாள் பாரதி சாலை வழியாகக் கடற்கரைக்கு நடக்க ஆரம்பித்தார். அப்போது 78 கிலோ. பங்குனி பிறப்பதற்குள் 72. அதன் பிறகு ஏழு வாரம் 72-தான். அதே நடை, அதே சாப்பாடு. சந்தேகப்பட்டு மெஷினை மாற்றிப் பார்த்தார். அதுவும் 72 என்றது.

உழைப்பாளர் சிலையைப் பார்த்து இங்கே ஒரு கிண்டல் உண்டு. தேவி பிரசாத் ராய் சௌத்ரி வடித்து 1959-ல் திறக்கப்பட்ட சிலை. நாலு பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு பாறையைத் தள்ளுகிறார்கள். இத்தனை வருஷம் தள்ளியும் அது ஓர் அங்குலம் நகரவில்லை. "நம்ம வெயிட் மாதிரியே" என்று சொல்லிவிட்டுத்தான் பலர் அந்த இடத்தைக் கடக்கிறார்கள்.

பாறை ஏன் நகரவில்லை என்பதற்குக் காரணம் இருக்கிறது. அது சோம்பேறித்தனமும் இல்லை, துரதிர்ஷ்டமும் இல்லை.

முதல் வாரங்களில் வேகமாக இறங்கும் எடையில் தண்ணீரும் கணிசமாக உண்டு. கல்லீரலிலும் தசையிலும் சேமித்து வைத்த மாவுச்சத்து ஒவ்வொரு கிராமும் கிட்டத்தட்ட மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சாப்பாட்டைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் போகும். மெஷின் சந்தோஷப்படுத்தும். பிறகுதான் கொழுப்பின் முறை. ஒரு கிலோ கொழுப்பில் சுமார் 7,700 கலோரி அடங்கியிருக்கிறது. அது தண்ணீர் மாதிரி ஓடிவிடாது.

அடுத்தது கணக்கு. 78 கிலோவைச் சுமந்து கலங்கரை விளக்கம் வரை நடப்பதும் 72 கிலோவைச் சுமந்து நடப்பதும் ஒன்றல்ல. இரண்டு வாளித் தண்ணீர் தூக்கி மாடி ஏறியவர், ஒரு வாளியோடு ஏறினால் மூச்சு குறைவாகத்தான் வாங்கும். உடம்பு சிறுத்தால் சும்மா இருக்கும்போது அது எரிக்கும் சக்தியும் குறைகிறது. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் ஒரு நாள் செலவு 20 முதல் 30 கலோரி வரை இறங்குகிறது என்று அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் குழுவினர் கணக்கிட்டிருக்கிறார்கள். 6 கிலோ குறைத்த ஆசிரியைக்கு இது 120 முதல் 180 கலோரி. அதாவது இரண்டு, மூன்று இட்லி. ஜனவரியில் எடையைக் குறைத்த அதே சாப்பாடு, பங்குனியில் எடையைக் காப்பாற்றும் சாப்பாடாகிவிட்டது. அவர் எதையும் மாற்றவில்லை, ஆனால் கணக்கு மாறிவிட்டது.

அதே குழுவின் கணக்கில் இன்னொரு பக்கமும் உண்டு. அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. குறையும் ஒவ்வொரு கிலோவுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கலோரி அளவு கூடுகிறது. செலவில் இழப்பது 20, 30. பசியில் கூடுவது 100. கொழுப்புத் திசு சுரக்கும் லெப்டின் என்ற ஹார்மோன், 'சேமிப்பு போதும்' என்று மூளைக்குத் தகவல் அனுப்புகிறது. கொழுப்பு குறைந்தால் தகவலும் குறையும். மூளை பஞ்சம் வந்துவிட்டதாக நினைத்துக்கொள்ளும். குழந்தை தட்டில் மீந்த அரை தோசையை வாயில் போடும் கை, தாளிப்பில் ஒரு சுற்று கூடுதலாகச் சாயும் எண்ணெய்க் கிண்ணம், இதெல்லாம் அந்தப் பசி செய்கிற வேலை. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயிலேயே சுமார் 120 கலோரி இருக்கிறது.

இதை வைத்து 'நீ திருட்டுத்தனமாகத் தின்கிறாய்' என்று யாரையும் குற்றம் சொல்ல முடியாது. 1992-ல் நியூயார்க்கில் ஓர் ஆய்வு நடந்தது. குறைவாகத்தான் சாப்பிடுகிறோம், ஆனாலும் எடை குறையவில்லை என்று உறுதியாகச் சொன்னவர்களை ஆராய்ந்தார்கள். அவர்கள் உண்மையில் சாப்பிட்டதைவிட ஏறக்குறைய பாதி குறைத்தே எழுதியிருந்தார்கள். அவர்களுடைய உடம்பின் எரிப்பில் எந்தக் கோளாறும் இல்லை. பொய் சொல்லவும் இல்லை. தட்டில் வைத்ததை மட்டுமே சாப்பாடு என்று நம்பியிருந்தார்கள். நம் வீடுகளில் சமைக்கிற பெண்கள் தட்டில் வைத்துச் சாப்பிடுவதைவிட, நின்றுகொண்டே சாப்பிடுவது அதிகம்.

விவேகானந்தர் இல்லம் வரும்போது கிழக்கு வெளுத்துவிடும். சிரிப்பு கிளப் ஆட்கள் வட்டமாக நின்று வானத்தைப் பார்த்துச் சிரிப்பார்கள். போலீஸ் குதிரைகள் மணலில் நடக்கும். இந்தப் பகுதியில்தான் ஆசிரியை, ஆறாவது வாரத்தில், தலை சுற்றி உட்கார்ந்தார். 72 நகராததால் ராத்திரிச் சாப்பாட்டை நிறுத்தியிருந்தார். காலையில் வெறும் வயிற்றில் நடை, மதியம் கொஞ்சம் சோறு, ராத்திரி ஒரு டம்ளர் மோர். இரண்டு வாரத்தில் சீப்பில் முடி கொத்தாக வந்தது. வகுப்பில் பிள்ளைகள் மேல் எரிந்து விழுந்தார். எடை மட்டும் 71.8 போய், ஒரு கல்யாண விருந்தில் 72.5 ஆனது.

ஜூஸ் கடைக்காரர்தான் பெஞ்சில் உட்கார வைத்தார். "டீச்சர், சாப்பிடாம நடக்காதீங்க. என் கடைக்கு வியாபாரம் போனாலும் பரவால்ல, வீட்டுக்குப் போய் இட்லி சாப்பிடுங்க" என்றாராம்.

பட்டினி எங்கே கொண்டுபோய் விடும் என்பதை உலகம் ஒருமுறை மிக நுணுக்கமாக அளந்து பார்த்திருக்கிறது. அது நடந்தது அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில், கால்பந்து மைதானத்தின் பார்வையாளர் மாடத்துக்குக் கீழே இருந்த ஆய்வுக்கூடத்தில். இரண்டாம் உலகப்போரின் கடைசிக் கட்டம். போரால் பட்டினி கிடக்கும் மக்களை எப்படித் தேற்றுவது என்று அறிய, ஆன்செல் கீஸ் என்ற விஞ்ஞானி 36 இளைஞர்களைச் சேர்த்தார். துப்பாக்கி தூக்க மறுத்து, அதற்குப் பதிலாக இந்தச் சேவைக்குத் தாமாக முன்வந்தவர்கள். 1945 பிப்ரவரியிலிருந்து 24 வாரம், நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி. வாரத்துக்கு 35 கிலோமீட்டர் நடக்க வேண்டும். மெரினாவில் வாரத்தில் ஆறு நாள் முழுப் பாதையும் போய்த் திரும்புகிறவர் நடக்கும் தூரமும் ஏறக்குறைய அதுதான்.

அவர்கள் எடையில் கால் பங்கு குறைந்தது. ஆனால் ஆரம்பத்தில் சரசரவென்று இறங்கிய எடை, கடைசி வாரங்களில் தேங்கி நின்றது. உடம்பு ஓய்வில் எரிக்கும் சக்தி சுமார் 40 சதவிகிதம் விழுந்திருந்தது. கோடையிலும் குளிர்ந்தது. படி ஏற மனமில்லை. நாள் முழுக்க சாப்பாட்டு நினைப்பு, சமையல் புத்தகம் படிப்பது, தட்டை நக்குவது. சோதனை முடிந்து சாப்பிட விட்டபோது வயிறு நிறைந்தும் பசி அடங்கவில்லை. பலருக்குக் கொழுப்பு முன்பு இருந்ததைவிட அதிகமாகவே ஏறியது. இன்றைக்கு 'கிராஷ் டயட்' விளம்பரங்களில் 1,200 கலோரி, 1,000 கலோரி என்று சர்வசாதாரணமாகச் சொல்கிறார்கள். கீஸ் தன்னுடைய 1,570-க்கு வைத்த பெயர் 'அரைப்பட்டினி'.

கெவின் ஹால் குழு 2016-ல் இன்னொன்றைக் காட்டியது. தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் 30 வாரத்தில் மலைபோல் எடை குறைத்த 14 பேரை ஆறு வருடம் கழித்து அளந்தார்கள். பெரும்பாலோருக்கு எடை நிறையத் திரும்பியிருந்தது. எரிப்பு மட்டும் திரும்பவில்லை. அந்த எடைக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சுமார் 500 கலோரி குறைவாகவே இருந்தது. உடம்பு மறக்கவில்லை.

காந்தி சிலைக்கு வருவோம். அதுவும் ராய் சௌத்ரி செய்ததுதான். கோலூன்றி, கால் எடுத்து வைத்து நடக்கும் காந்தி. அவரைச் சுற்றித்தான் காலை வியாபாரம் களைகட்டும். அருகம்புல், வாழைத்தண்டு, நெல்லிக்காய், முடக்கத்தான் சூப். கூடவே மேஜை போட்டு 'இலவச உடல் பரிசோதனை' செய்கிறவர்களும் உண்டு. மெஷினில் ஏற்றி, கொழுப்பு இவ்வளவு, 'உடம்பு வயசு' இவ்வளவு என்று காகிதத்தில் எழுதித் தருவார்கள். 46 வயதுக்காரருக்கு உடம்பு வயசு 61 என்று வந்தால் யாருக்குத்தான் வயிற்றைக் கலக்காது? கையோடு ஒரு பவுடர் டப்பா. எடை தேங்கி, மனம் தளர்ந்து நிற்கிறவர்தான் இந்த மேஜைகளுக்கு உகந்த வாடிக்கையாளர். கால் வழியாக மின்சாரம் அனுப்பி அளக்கும் அந்த மெஷின், முந்தைய இரவு குடித்த தண்ணீருக்கும் சாப்பிட்ட உப்புக்கும் தகுந்தபடி எண்ணை மாற்றிச் சொல்லும். அருகம்புல் ஜூஸும் கொழுப்பைக் கரைக்காது. ஆனால் பாவம், அது 'உடம்பு வயசு' சொல்லிப் பயமுறுத்துவதில்லை.

ஆசிரியையின் டாக்டர் பவுடர் எதுவும் எழுதவில்லை. முதலில் தைராய்டு பரிசோதனை பார்த்தார். எடை சாப்பாட்டுக்குக் கட்டுப்படாதபோது தைராய்டு, பிசிஓடி, சில மாத்திரைகள் என்று வேறு காரணம் இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. அவருக்கு அது சரியாக இருந்தது. பிறகு தையல்காரர் டேப் ஒன்று வாங்கச் சொன்னார். இரண்டு வாரத்துக்கு ஒரு முறை இடுப்புச் சுற்றளவு. இந்தியப் பெண்களுக்கு 80 சென்டிமீட்டரும் ஆண்களுக்கு 90-ம் எல்லை. எடையை வாரம் ஒரு முறை, காலைக்கடன் முடித்து, சாப்பிடும் முன், ஒரே மெஷினில். மாதவிலக்கை ஒட்டிய நாட்களில் ஏறும் எடையைப் பார்த்துக் கலங்க வேண்டியதில்லை, அது தண்ணீர். நாலு வாரம் எண்ணும் டேப்பும் இரண்டுமே அசையாவிட்டால்தான் தேக்கம் என்று பேச வேண்டும். ஆசிரியை கழுத்தைச் சுற்றி டேப் மாட்டிய தையல்காரரிடம் ரவிக்கை அளவு கொடுக்கப் போனபோது, ஜனவரி ரவிக்கைகள் எல்லாமே இரண்டு பக்கமும் பிடிக்க வேண்டியிருந்தது. ஏழு வாரமாக எதுவும் நடக்கவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தவர் அவர்.

ராத்திரிச் சாப்பாடு திரும்ப வந்தது. அதில் சோறு குறைந்து பருப்பு, முட்டை, மீன் கூடியது. எடை குறையும்போது கொழுப்போடு தசையும் போகும். குறைவதில் கால் பங்கு வரைகூட அது இருக்கலாம். புரதமும் பாரம் தூக்குவதும்தான் அதற்குத் தடுப்பு. வாரத்தில் இரண்டு நாள் நடையைப் பாதியாக்கி, வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து எழுவது, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது, இரண்டு தண்ணீர் பாட்டில்களைத் தூக்குவது என்று ஆரம்பித்தார். 10 மணி சீரியலை விட்டு 10 மணிக்குப் படுத்தார். இதுதான் இருப்பதிலேயே கஷ்டமாக இருந்தது என்கிறார்.

மெரினா தன்னிடமே வைத்திருந்தும் நடைபயிற்சிக்காரர்கள் தொடாத ஒரு மருந்து உண்டு. மணல். இந்தக் கடற்கரையில் மணல் சராசரியாகவே 300 மீட்டர் அகலம். கெட்டித் தரையில் நடப்பதைப்போல இரண்டு மடங்குக்கும் மேல் சக்தி, அதே வேகத்தில் மணலில் நடக்கத் தேவைப்படுகிறது என்று அளந்திருக்கிறார்கள். எல்லோரும் சிமென்ட் பாதையில் போகிறார்கள். மணல் காலியாகக் கிடக்கிறது. முட்டியும் கணுக்காலும் நன்றாக இருப்பவர்கள், பத்து நிமிடத்தில் ஆரம்பித்துப் பார்க்கலாம். சர்க்கரையால் பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் வெறுங்காலோடு மட்டும் இறங்கவே கூடாது. மாலை நேரத்துக் கண்ணாடிச் சில்லும் மீன் முள்ளும் மணலுக்குள்தான் இருக்கின்றன.

இவ்வளவுக்குப் பிறகும் எடை 72-லேயே நின்றால்? சிலருக்கு நிற்கும். இப்போது வந்திருக்கும் எடைக் குறைப்பு ஊசிகளிலும் ஏறக்குறைய ஒரு வருடம் தாண்டியதும் எடை ஓர் இடத்தில் நிற்கத்தான் செய்கிறது. அங்கேதான் சென்னையிலேயே நடந்த ஓர் ஆய்வு முக்கியமாகிறது. டாக்டர் ஏ.ராமச்சந்திரன் தலைமையில் நடந்த 'இந்திய நீரிழிவுத் தடுப்புத் திட்டம்'. முடிவு 2006-ல் வெளியானது. சர்க்கரை எல்லைக்கோட்டில் இருந்த 531 பேர் அதில் சேர்ந்தார்கள், கிட்டத்தட்ட இந்த ஆசிரியையின் நிலையில் இருந்தவர்கள். தினமும் நடக்கவும் சாப்பாட்டைத் திருத்தவும் மட்டும் ஆலோசனை பெற்ற பிரிவில், மூன்று வருடத்தில் நீரிழிவு வந்தவர்கள் 39.3 சதவிகிதம். எந்தத் தனி ஆலோசனையும் இல்லாத பிரிவில் 55 சதவிகிதம். நடந்தவர்களுக்கு அபாயம் 28.5 சதவிகிதம் குறைந்தது. இதில் வியப்பு என்னவென்றால், அவர்களுக்கு எடை சொல்லிக்கொள்ளும்படி குறையவே இல்லை.

அந்த எடை மெஷின் பெரியவரிடம் எண்ணைப் பார்த்துவிட்டு, மறுநாளிலிருந்து வராமல் போன புது ஷூக்காரர்கள் விட்டுப்போனது இதைத்தான். மெஷின் அசையாத வாரங்களிலும் தசை ரத்தத்திலிருந்து சர்க்கரையை இழுத்துக்கொண்டுதான் இருந்தது.

1977-ல் வந்த கலங்கரை விளக்கத்தைத் தாண்டினால் லூப் சாலை. நொச்சிக்குப்பத்து மீனவர்களுக்காக 2024-ல் திறந்த மீன் அங்காடி அங்கேதான். மணி ஏழரை. வெயில் சுரீர் என்று ஏறிவிட்டது, நடக்க வந்தவர்கள் கலைந்துவிட்டார்கள். ஞாயிறு என்பதால் ஆசிரியை நேராக அங்கே போகிறார். இப்போது 71 கிலோ. இடுப்பு ஜனவரியைவிட 9 சென்டிமீட்டர் குறைவு. மூன்று மாதச் சர்க்கரை பரிசோதனை எல்லைக்கோட்டுக்குக் கீழே வந்துவிட்டது. பலகைக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் அம்மா கூடையிலிருந்து நெத்திலியை அள்ளிக் காட்டுகிறார்.

"இன்னா டீச்சர், இளைச்சுப் போயிட்டே? ஒடம்பு சரியில்லையா?"

"அதெல்லாம் நல்லாத்தான் இருக்கேன்க்கா. அரைக் கிலோ போடுங்க. போன வாரம் மாதிரி நசுங்குனது வேணாம்."

"உனுக்குப் போயி நசுங்குனது போடுவேனா?" என்று கோபித்துக்கொண்டே அந்த அம்மா தராசை எடுக்கிறார்.